மறைந்து நின்ற மாயக் கலைஞர்

வானளாவ உயர்ந்த கோபுரத்தைக் கண்டு வியப்பவர் பலர். அதன் அடியில் மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் கடைக்காலை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலர். கடைக்கால் கண்ணுக்குப் புலனாவதில்லை; ஆயினும் அது தாங்குவதாலேயே கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. கலையுலகிலும் இத்தகைய கடைக்கால்கள் உண்டு.

திரைப்படத்தில் மலை வெடித்து நெருப்பைக் கக்குகிறது. மனிதன் சாண் அளவாகச் சுருங்கிக் குப்பிக்குள் அடங்குகிறான். உயிரற்ற பொருள்கள் எழுந்து நடமாடுகின்றன. இவற்றைத் தந்திரக் காட்சிகள் என்பர். இவற்றைக் கண்டு நாம் கைகொட்டி மகிழ்கிறோம். ஆனால், இவ்வித்தைகளுக்கு முதன்முதலில் வழி வகுத்தவர் யாவர் என்று கேட்பதில்லை. கேட்பவர்க்கும் பெரும்பாலும் ஒரு பெயரே விடையாகக் கிடைக்கிறது. அது பிரெஞ்சு நாட்டு மெலியேஸ் என்பாரின் பெயர். அவர் பெரியவர் என்பதில் ஐயமில்லை. எனினும், அவர் காலத்திலேயே வாழ்ந்து, அவர் விட்ட இடத்திலிருந்து இக்கலையை மேலும் நெடுந்தொலைவு நடத்திச் சென்ற மற்றொருவரும் இருந்தார். அவரே ஸ்பெயின் நாட்டில் தோன்றிய செகுந்தோ தெ சோமோன்.

பிறப்பும் இளமையும்

ஸ்பெயின் நாட்டின் ஒரு பகுதி அரகோன். அப்பகுதியில் மேட்டுநிலத்தில் அமைந்த சிறிய நகரம் தெருவேல். 1871ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 17ஆம் நாள் சோமோன் அந்நகரில் பிறந்தார். அவர் பிறந்தபோது உலகில் திரைப்படம் என்பதே இல்லை. ஒளிப்படம் எடுக்கும் கலை மட்டும் வளர்ந்து வந்தது. நின்ற உருவத்தைப் பிடித்துவைக்க மனிதன் கற்றிருந்தான். நடக்கும் உருவத்தைப் பிடித்துவைக்க இன்னும் கற்கவில்லை.

1895ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள், லூமியேர் உடன்பிறந்தார் இருவர் பாரிஸ் மாநகரில் கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்களுக்குச் சலனப்படம் காட்டினர். அந்நாளையே திரைப்படத்தின் பிறந்தநாளாகப் பலரும் கொள்வர். அக்காலத்தை ஒட்டிச் சோமோனும் பாரிஸில் வாழ்ந்தார். அங்கே ஜூலியேன் மாத்தியூ என்னும் நடிகையைக் கண்டு, அவரைத் தம் வாழ்க்கைத் துணையாகக் கொண்டார். இவ்வம்மையாரே பின்னாளில் சோமோனின் கலைக்கும் துணையானவர்.

இல்லறம் தொடங்கிய சின்னாளில் பிரிவு நேர்ந்தது. கியூபாத் தீவு அந்நாளில் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அத்தீவு மக்கள் விடுதலை வேண்டிப் போரிட்டனர். சோமோன் 1897இல் ஸ்பெயினின் படையில் சேர்ந்து கடல் கடந்து சென்றார். 1898இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் அப்போரில் இறங்க, ஸ்பெயின் தோற்றது. கியூபாவும் அதன் கையினின்று நீங்கியது. 1899இல் சோமோன் பாரிஸுக்குத் திரும்பினார். அங்கே அவருடைய துணைவியார் அவருக்கு முற்றிலும் புதியதொரு தொழிலில் ஈடுபட்டிருந்தார். அத்தொழிலே சோமோனின் வாழ்க்கையைத் திசை திருப்பியது.

வண்ணந்தீட்டும் பட்டறை

அந்நாளைய படங்கள் ஒலியற்றவை; நிறமும் அற்றவை. கருமையும் வெண்மையுமே திரையில் தோன்றும். வண்ணத்தைக் காண மக்கள் ஆவல் கொண்டனர். ஆகவே, எடுத்து முடித்த படச்சுருளில் கையால் வண்ணம் தீட்டும் வழக்கம் எழுந்தது. ஜூலியேன் அம்மையார் அத்தகைய பட்டறை ஒன்றில் வேலை செய்தார். அவ்வேலையின் அருமையைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

படச்சுருளில் உள்ள ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் அகலமும் 18 மில்லிமீட்டர் உயரமும் உடையது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. அத்தகைய படங்கள் நொடிக்கு 16 வீதம் திரையில் ஓடும். எனவே, ஒரு நிமிடம் ஓடும் காட்சிக்கு 960 சிறு படங்கள் வேண்டும். ஆடை ஒரு நிறம், வானம் ஒரு நிறம், இலை ஒரு நிறம் என்று மூன்று நிறம் ஏற்றுவதாயின், 960 படங்களையும் மும்முறை கையாளுதல் வேண்டும். தூரிகை மயிரிழை அளவு விலகினாலும், திரையில் அது பெரும் கறையாகத் தோன்றிவிடும்.

இத்துன்பத்தைக் குறைக்க ஒரு வழி கண்டனர். துளையிட்ட தகட்டின்மேல் மாவைத் தூவினால் தரையில் கோலம் விழுவதை நாம் அறிவோம். அதுபோல, நிறம் படவேண்டிய இடத்தை மட்டும் வெட்டியெடுத்த ஒரு சுருளைப் படச்சுருளின்மேல் பொருத்தி வண்ணம் தடவினர். ஒரு நிறத்திற்கு ஒரு சுருள் வெட்டிக்கொண்டால், அதைக் கொண்டே பல படிகளுக்கு வண்ணம் ஏற்றலாம். சோமோன் இம்முறையை நன்கு கற்றார். பாத்தே என்னும் பிரெஞ்சுத் திரைப்பட நிறுவனம் அவருடைய கைத்திறனை அறிந்து வேலை தந்தது. 1902ஆம் ஆண்டளவில் அவர் ஸ்பெயினின் பார்சலோனா நகரில் ஒரு பட்டறை அமைத்து, அந்நிறுவனத்தின் படங்களுக்கு வண்ணந்தீட்டியும், அவற்றில் வரும் எழுத்துப் பலகைகளை ஸ்பானிய மொழியில் ஆக்கியும் தந்தார்.

இத்தொழில் அவருக்கு அளித்தது ஊதியம் மட்டுமன்று. திரையில் ஓடும் படத்தைப் பிறர் ஒரே ஓட்டமாகக் கண்டனர். சோமோனோ அதைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு சிறு படமாகக் கண்டார். அசைவு என்பது உண்மையில் அசையாத பல படங்களின் வரிசையே என்பதை அவர் கையும் கண்ணும் நாள்தோறும் உணர்ந்தன. அவருடைய கலை முழுவதற்கும் இவ்வுணர்வே வித்தாயிற்று.

ஈ கற்பித்த பாடம்

பார்சலோனாவிலேயே சோமோன் தாமும் படம் எடுக்கத் தொடங்கினார். 1902இல் அவர் எடுத்த படங்களுள் ஒன்று, இரண்டு புகைவண்டிகள் மோதிக்கொள்ளும் காட்சியைக் காட்டுவது. உண்மை வண்டிகளை மோதவிடுதல் இயலுமோ? அவர் சிறிய விளையாட்டு வண்டிகளை மோதவிட்டு, அருகில் கருவியை வைத்துப் படம் எடுத்தார். உண்மை வண்டிகள் ஓடும் காட்சியை அதனோடு இணைத்தார். பார்த்தவர்க்கு அது மெய்யான விபத்தாகவே தோன்றியது. சிறு மாதிரிகளைக் கொண்டு பெருங்காட்சி அமைக்கும் முறைக்கு இப்படம் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாகும்.

அவரைப் பற்றி ஒரு கதையும் வழங்குகிறது. ஒருநாள் அவர் எழுத்துப் பலகைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். எழுத்து அசையாதது, ஆதலால் கருவியைத் தொடர்ந்து ஓட்டாமல், விட்டுவிட்டு இயக்கினார். அவ்வேளை ஈ ஒன்று பலகையின்மேல் ஊர்ந்து சென்றதை அவர் கவனிக்கவில்லை. படத்தைத் திரையில் காட்டியபோது, அந்த ஈ நடவாமல் இடம்விட்டு இடம் துள்ளிற்று. பிறர் அதைப் பிழை என்று தள்ளியிருப்பர். சோமோன் அதில் ஒரு புதிய வழியைக் கண்டார் என்பர்.

அவ்வழி யாது? அந்நாளைய படக்கருவியைக் கைப்பிடி சுற்றி இயக்குவர். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் 8 படங்கள் பதியும். நொடிக்கு இருமுறை சுற்றினால் 16 படங்கள் பதியும். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் ஒரே ஒரு படம் மட்டும் பதியுமாறு கருவியை மாற்றி அமைத்தால் என்ன ஆகும்? ஒரு செருப்பை மேசைமேல் வைத்து ஒரு படம் எடுக்கலாம். பின்பு செருப்பை ஓர் அங்குலம் நகர்த்தி, கையை விலக்கிக்கொண்டு, மற்றொரு படம் எடுக்கலாம். இவ்வாறே தொடர்ந்து எடுத்துத் திரையில் ஓட்டினால், செருப்பு தானே நடந்து செல்லும்! நகர்த்திய கையோ எங்கும் தோன்றாது.

இம்முறையைக் கண்டவர் சோமோன் ஒருவரே என்று கூறுதல் பொருந்தாது. அமெரிக்காவில் பிளாக்டன் என்பார் 1907இல் வெளியிட்ட ஒரு படத்திலும் பொருள்கள் தாமே அசைந்தன. ஒரே காலத்தில் பல நாடுகளில் பலர் ஒரே கதவைத் தட்டுதல் அறிவியல் வரலாற்றில் இயல்பே. ஆயினும், இவ்வித்தையை விரிவான கதைக்கு ஏற்றவாறு வளர்த்தவருள் சோமோன் தலைசிறந்தவர்.

மின்சார விடுதி

1905ஆம் ஆண்டில் பாத்தே நிறுவனம் சோமோனைப் பாரிஸுக்கு அழைத்துக்கொண்டது. அந்நிறுவனம் அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய திரைப்பட நிறுவனமாக வளர்ந்து வந்தது. மெலியேஸின் மாயப் படங்களுக்கு ஈடுகொடுக்கத்தக்க படங்களை எடுக்க அதற்கு ஒரு வல்லுநர் தேவைப்பட்டார். தந்திரக் காட்சி அமைக்கும் பொறுப்பைச் சோமோன் ஏற்றார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் இயக்கியும், ஒளிப்பதிவு செய்தும், தந்திரம் அமைத்தும் தந்த படங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை.

அவற்றுள் புகழ் வாய்ந்தது, 1908ஆம் ஆண்டைச் சேர்ந்த மின்சார விடுதி என்னும் படம். கணவனும் மனைவியுமாக இருவர் ஒரு விடுதிக்கு வருகின்றனர். அங்கே பணியாளரைக் காணோம். எல்லாவற்றையும் மின்சாரமே செய்கிறது. அவர்களுடைய பெட்டிகள் தாமே ஊர்ந்து அறைக்குச் செல்கின்றன. பெட்டியிலிருந்த துணிகள் தாமே வெளிவந்து இழுப்பறையில் அடங்குகின்றன. தூரிகை தானே எழுந்து காலணியை மெருகிடுகிறது. சீப்பு அம்மையாரின் கூந்தலை வாருகிறது. எழுதுகோல் தானே கடிதம் வரைகிறது. இறுதியில், கீழ்த்தளத்தில் பொறிகளைக் காக்கும் ஒருவன் குடிமயக்கத்தால் விசைகளைத் தாறுமாறாக இழுத்துவிடுகிறான். உடனே நாற்காலிகளும் மேசைகளும் சுழன்று பாய்கின்றன. விடுதி முழுவதும் அலங்கோலமாகிறது. இப்படத்தில் நடித்த இருவர், சோமோனும் அவர் துணைவியாருமே ஆவர்.

சிரித்து மகிழ்வதற்குச் சில நிமிடங்கள் போதும். எடுப்பதற்கோ பெரும்பொறுமை வேண்டும். பத்து நொடிக் காட்சிக்கு 160 படங்கள். ஒவ்வொரு முறையும் பொருளை நகர்த்துதல் வேண்டும். பின் விலகி நிற்றல் வேண்டும். கைப்பிடியை ஒருமுறை சுற்றுதல் வேண்டும். கூந்தல் வாரும் காட்சியில் நடிகையும் அசையாமல் அமர்ந்திருத்தல் வேண்டும். சற்றே தலை சாய்ந்தாலும் காட்சி கெட்டுவிடும். வண்ணப் பட்டறையில் 960 படங்களையும் ஒவ்வொன்றாகக் கையாண்டு பழகியவர்க்கே இப்பொறுமை கைவந்தது. எதிர்காலத்தில் எந்திரங்கள் வீட்டுவேலை செய்யும் என்று கற்பனை செய்ததோடு, அவ்வெந்திரத்தை ஆளும் மனிதன் நிலை தவறினால் விளையும் கேட்டையும் அவர் நகைச்சுவையாகக் காட்டினார்.

கருமையும் கோணமும்

சோமோன் கையாண்ட வேறு இரண்டு முறைகளையும் அறிதல் நன்று.

1907இல் வெளிவந்த செந்நிறப் பேய் என்னும் படத்தில் குகை ஒன்றில் வாழும் மாயாவி, கண்ணாடிக் குப்பிகள் மூன்றைக் கொண்டுவந்து வைக்கிறான். குப்பிகளுக்குள் சிற்றுருவப் பெண்கள் தோன்றுகின்றனர். ஒரே படச்சுருளில் இருமுறை ஒளி பதிப்பதால் இத்தகைய காட்சிகள் அமையும். கரிய துணியின் முன் பொருளை வைத்துப் படம் எடுத்தால், கரிய பகுதியில் சுருளின்மேல் ஒளி படுவதில்லை. அவ்விடம் வெற்றிடமாகவே இருக்கும். சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, கருவியைத் தொலைவில் வைத்து நடிகையரைப் படம் எடுத்தால், அவ்வெற்றிடத்தில் அவர்களின் உருவம் சிறிதாகப் பதியும். கைப்பிடியை எத்தனை முறை சுற்றினோம் என்னும் கணக்கில் ஒன்று தவறினாலும், இருகாட்சியும் பொருந்தாமல் போகும்.

அதே ஆண்டில் வெளிவந்த மற்றொரு படம் ஜப்பானியரைப்போல் உடையணிந்த கழைக்கூத்தாடிகளைக் காட்டுவது. சிறு பிள்ளை ஒன்று தன் உடலின்மேல் பெரியவர் பலரைத் தாங்கி நிற்கிறது. அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கோபுரமாகின்றனர். காற்றில் மிதப்பதுபோல் சுழல்கின்றனர். உண்மையில் அவர்கள் நிற்கவே இல்லை. கரிய துணி விரித்த தரைமேல் படுத்து உருண்டனர். கருவி மேலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தது. காண்போர் தரையைச் சுவர் என்று எண்ணினர்; படுத்தவரை நிற்பவர் என்று எண்ணினர். கருவியின் கோணத்தை மாற்றியதனால் மட்டுமே மண்ணின் ஈர்ப்பு விசையை அவர் வென்று காட்டினார்.

போலி செய்தவரா?

இங்கு ஒரு வினா எழுகிறது. சோமோன் மெலியேஸைப் பார்த்துப் போலி செய்தவர்தாமே என்று சிலர் குறை கூறுவர். அவரை ஸ்பெயினின் மெலியேஸ் என்று அழைத்து அமைவதும் உண்டு. இக்குறையில் ஓரளவு உண்மை இருக்கிறது. மெலியேஸ் 1902இல் நிலவுக்குச் செல்லும் பயணத்தைப் படமாக்கிப் பெரும்புகழ் எய்தினார். 1908இல் சோமோனும் பாத்தே நிறுவனத்திற்காக அதே கதையை ஒட்டி ஒரு படம் எடுத்தார். பிறர் எடுத்து வெற்றி பெற்ற கதையைத் தாமும் எடுத்தல் அந்நாளைய நிறுவனங்களின் பொது வழக்கம். அது வழக்கம் என்பதனால் சிறப்பு ஆகிவிடாது.

ஆனால், இருவரின் கலையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு வேறுபாடு விளங்கும். மெலியேஸ் மேடையில் மாயவித்தை செய்து பழகியவர். ஆகவே, நாடகக் கொட்டகையில் நடு இருக்கையில் அமர்ந்த பார்வையாளனைப்போல் அவருடைய கருவி பெரும்பாலும் ஓரிடத்தில் அசையாமல் நின்றது. மாயம் முழுவதும் கருவியின் முன்னே நிகழ்ந்தது. சோமோனோ பட்டறையில் சுருளைத் தொட்டுப் பழகியவர். அவர் கருவியை மேலே ஏற்றினார். ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்தி இயக்கினார். பின்பு அதைச் சக்கரத்தின்மேல் ஏற்றி நகரவும் விட்டார். மாயம் கருவிக்குள்ளேயே நிகழ்ந்தது. கற்கும்போது பிறரைப் பின்பற்றுதல் தவறன்று. பின்பற்றியவாறே நின்றுவிடுதலே தவறு. சோமோன் நின்றுவிடவில்லை.

நகர்ந்த கருவி

1910இல் சோமோன் பாரிஸை விட்டுப் பார்சலோனா திரும்பினார். ஹுவான் ஃபுஸ்தேர் என்பாருடன் கூட்டுச் சேர்ந்து படத்தொழில் நடத்தினார். அத்தொழில் நிலைக்கவில்லை. கலையில் வல்லவர் வாணிகத்திலும் வல்லவராக அமைதல் அரிது. 1912இல் இத்தாலி நாட்டின் தூரின் நகரிலிருந்த இத்தாலா என்னும் திரைப்பட நிறுவனம் அவரை வரவேற்றது. அங்கே அவர் இயக்குநர் பாஸ்திரோனே என்பாருடன் இணைந்து உழைத்தார்.

அவ்விருவரும் ஈடுபட்ட பெரும்படம் 1914இல் வெளிவந்த காபிரியா என்பது. உரோமாபுரிக்கும் கார்த்தேஜுக்கும் நிகழ்ந்த இரண்டாம் பெரும்போரின் காலத்தில் அமைந்த கதை அது. எட்னா எரிமலை வெடிக்கிறது. நகரம் இடிந்து வீழ்கிறது. காபிரியா என்னும் சிறுமி கடற்கொள்ளையரிடம் சிக்கிக் கார்த்தேஜில் விற்கப்படுகிறாள். அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கண்ணாடிகளால் கதிரவன் ஒளியைக் குவித்து உரோமரின் கப்பல்களை எரிக்கிறார். எரிமலையையும் கப்பற்படையையும் மெய்யாகவே எரிக்க எவரால் இயலும்? சோமோனும் அவரோடு உழைத்த பிற ஒளிப்பதிவாளரும் சிறு மாதிரிகளாலும், ஒரு காட்சிமேல் மற்றொன்றைப் பதிக்கும் முறையாலும் அவற்றைத் திரையில் ஆக்கிக் காட்டினர்.

அப்படத்தில் மற்றொரு புதுமையும் இருந்தது. கருவியைச் சக்கரம் பூட்டிய வண்டிமேல் ஏற்றி, காட்சியை நோக்கி மெல்ல நகர்த்தினர். அவ்வண்டி அமைப்புக்குப் பாஸ்திரோனே 1912இல் உரிமை பெற்றிருந்தார். கருவியைக் கையாண்ட சோமோனுக்கும் அம்முறையின் வளர்ச்சியில் பெரும்பங்கு உண்டு. அதற்கு முன்னரும் ஓடும் புகைவண்டியிலும் படகிலும் கருவியை வைத்துப் படம் எடுத்தவர் உண்டு. ஆனால், கட்டிய அரங்கினுள், கதைக்கு ஏற்றவாறு கருவியை நகர்த்தி, பெருங்கோயிலின் அகலத்தையும் ஆழத்தையும் காண்போர் உணருமாறு செய்தது காபிரியாவின் தனிச்சிறப்பு. அதுவரை தொலைவில் அமர்ந்திருந்த பார்வையாளன் அன்று கோயிலுக்குள் நடந்து சென்றான்.

மறைக்கப்பட்ட பெயர்

இவ்வளவு செய்தவரின் பெயர் ஏன் பரவவில்லை? காரணங்கள் பல.

முதற்காரணம் அக்காலத்து வழக்கம். பாத்தே நிறுவனத்தின் படங்களில் அந்நிறுவனத்தின் சேவற்கோழிச் சின்னமே தோன்றும். படம் எடுத்தவரின் பெயர் தோன்றாது. உலகெங்கும் மக்கள் சேவலை அறிந்தனர், சோமோனை அறியவில்லை. மெலியேஸோ தம் நிறுவனத்திற்குத் தாமே உரிமையாளர். தம் படங்களில் தாமே நடித்தவர். அவருடைய முகமும் பெயரும் மக்கள் மனத்தில் பதிந்தன.

இரண்டாம் காரணம், புகழ் வாய்ந்தவர் பெயருக்கு இருந்த விலை. காபிரியா வெளிவந்தபோது, இத்தாலியின் புகழ்பெற்ற கவிஞர் காப்ரியேலே தனுன்சியோவின் படைப்பாகவே அது விளம்பரம் செய்யப்பட்டது. அவர் எழுதியவை திரையில் தோன்றும் எழுத்துப் பலகைகளே. கதைமாந்தர்க்குப் பெயரிட்டதும் அவரே. படத்தை இயக்கிய பாஸ்திரோனேவின் பெயரே புனைபெயருக்குள் மறைந்தது. இயக்குநருக்கே இந்நிலை எனின், எரிமலையை எரியவைத்தவரை யார் நினைப்பர்?

மூன்றாம் காரணம் அவருடைய கலையின் இயல்பு. தந்திரம் வெளிப்பட்டால் அது தந்திரம் ஆகாது. செருப்பை நகர்த்திய கை தெரிந்துவிட்டால் வித்தை கெட்டுவிடும். கையை மறைப்பதே அவருடைய தொழில். அவர் தம் கையை எவ்வளவு திறமையாக மறைத்தாரோ, அவ்வளவு நன்றாகத் தம்மையும் மறைத்துக்கொண்டார். மேலும், அவர் ஸ்பெயின், பிரான்சு, இத்தாலி என்னும் மூன்று நாடுகளில் உழைத்தவர். ஆதலால், எந்த நாடும் அவரை முழுமையாகத் தன்னவர் என்று நெடுங்காலம் போற்றவில்லை.

இறுதி ஆண்டுகள்

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. அப்போர்க் காலத்தில், 1917இல், சோமோனும் பாஸ்திரோனேவும் மோமி என்னும் சிறுவனின் கனவைப் படமாக்கினர். போர்முனையிலிருந்து தந்தை எழுதிய கடிதத்தைக் கேட்ட சிறுவன் உறங்குகிறான். கனவில் அவனுடைய பொம்மைகள் உயிர்பெற்றுப் போரிடுகின்றன. பொம்மைப் பீரங்கிகள் முழங்குகின்றன. பொம்மை நகரம் எரிகிறது. செருப்பையும் சீப்பையும் நடக்கவைத்து உலகைச் சிரிக்கவைத்த அதே வித்தை, இங்குப் போரின் கொடுமையைச் சிறுவன் கண்கொண்டு காணச் செய்தது.

போருக்குப்பின் இத்தாலியின் திரைப்படத் தொழில் தளர்ந்தது. சோமோன் தளரவில்லை. நரகக் காட்சிகள் நிறைந்த இத்தாலியப் படம் ஒன்றுக்குத் தந்திரங்கள் அமைத்தார். பிரான்சில் ஆபெல் கான்ஸ் என்பார் 1927இல் வெளியிட்ட நெப்போலியன் என்னும் மாபெரும் படத்திலும் அவருடைய உழைப்பு கலந்திருந்தது. கையால் வண்ணந்தீட்டித் தொழில் தொடங்கியவர், இயற்கை வண்ணத்தையே கருவியால் பிடிக்கும் முறைகளை ஆராய்வதில் தம் இறுதி ஆண்டுகளில் ஈடுபட்டார்.

1929ஆம் ஆண்டு மே திங்கள் 2ஆம் நாள் பாரிஸ் நகரில் சோமோன் காலமானார். அப்போது அவருக்கு வயது 57. பேசும்படம் உலகெங்கும் பரவத் தொடங்கிய காலம் அது. மக்கள் திரையில் எழும் குரலைக் கேட்க விரைந்தனர். ஊமைப்படக் காலத்துக் கலைஞர் மறைந்ததைக் கவனித்தவர் சிலரே.

மெலியேஸும் தம் முதுமையில் வறுமையுற்று, பாரிஸ் நகரப் புகைவண்டி நிலையம் ஒன்றில் பொம்மைக் கடையில் அமர்ந்திருந்தார். ஆனால், அன்பர் சிலர் அவரைக் கண்டறிந்தனர். 1929ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பாரிஸில் பெருவிழா எடுத்து, அவருடைய பழைய படங்களைத் திரையிட்டுப் போற்றினர். அவ்விழா நிகழ்ந்தபோது சோமோன் மறைந்து ஏழு திங்களே ஆகியிருந்தன. ஒருவருக்கு வாழும்போதே மாலை கிடைத்தது. மற்றொருவருக்கு அது கிடைக்கவில்லை.

மீண்டு வந்த பெயர்

அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை. அவற்றுள் பல எரிந்தும் மக்கியும் அழிந்தன. எஞ்சியவை பல நாட்டுப் படக்காப்பகங்களில் சிதறிக் கிடந்தன. சோமோன் எடுத்த படங்கள் சில பிறர் பெயரிலும், சில பெயரின்றியும் இருந்தன. ஆராய்ச்சியாளர் அச்சுருள்களைப் பொறுமையுடன் ஒப்பிட்டுப் பார்த்தனர். பழைய பட்டியல்களைத் துருவினர். ஒவ்வொரு படமாக அவருக்கு உரியதை அவருக்கு அளித்து வருகின்றனர். ஒவ்வொரு படமாக எடுத்த கலைஞரின் பெயர், அவ்வாறே ஒவ்வொரு படமாக மீண்டு வந்தது.

இன்று பொம்மைகளையும் களிமண் உருவங்களையும் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கும் கலைஞர் உலகெங்கும் உள்ளனர். கணிப்பொறியால் மாயக் காட்சி அமைப்பவரும் பல்லாயிரவர். அவர்கள் நடக்கும் வழியில் முதலில் முள் அகற்றியவருள் சோமோன் ஒருவர். அவர் பிறந்த தெருவேல் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி விளங்குகிறது. அங்குப் பயிலும் மாணவர் நாள்தோறும் அப்பெயரைக் கண்டே பள்ளிக்குள் நுழைகின்றனர்.

புகழ் ஒருவருக்குக் கிடைப்பதும் கிடையாமற்போவதும் அவருடைய உழைப்பை மட்டும் பொறுத்தன அல்ல. உரியவர்க்கு உரிய பெயரைத் தரும் கடமை காண்போர்க்கும் உண்டு. திரையில் ஒரு விந்தையைக் கண்டு மகிழும்போது, அதன் பின்னே கைப்பிடியை ஒருமுறை சுற்றி, ஒரு பொருளைச் சிறிது நகர்த்தி, மீண்டும் ஒருமுறை சுற்றிய கை ஒன்று இருந்ததை நாம் நினைத்தல் வேண்டும். அக்கைக்கு உரியவர் யார் என்று கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு கேட்பதே மறைந்து நின்ற அக்கலைஞருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.